பூனாக்காரரின் திருத்தங்கள்

இரண்டு கல்லூரிகளை ஒன்றாக்கினால் பெரிய தகராறு எதில் வரும் என்று கேட்டால், டீயில்தான் என்பேன். நான் வேலை பார்த்த மாதுங்கா கல்லூரி காபிக் கல்லூரி. உன் அக்கா நஸீரா வேலை பார்த்த செம்பூர் கல்லூரி டீக் கல்லூரி. பி.எட். படிக்க ஆள் சேருவது குறைந்துபோய், இரண்டு டிரஸ்டும் கூடிப் பேசி எல்லோரையும் எங்கள் கட்டடத்துக்குள் அடைத்தபோது, செம்பூர்க்காரர்கள் தங்கள் நாற்காலிகளையும் கெட்டிலையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். டைம்டேபிள் ஒரே வாரத்தில் ஒன்றாகிவிட்டது. கெட்டில் இன்றுவரை தனிதான்.

நூர் நிஷா, உன் அக்காவின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு வந்தவர்கள் எல்லாம் போனபிறகு, சட்டியைக் கழுவிக்கொண்டே நீ என்னிடம் ஒன்று கேட்டாய். "மச்சான், லாத்தா எதுக்கு ஆபரேஷனத் தள்ளித் தள்ளிப் போட்டா?" காலேஜ் வேலை என்றேன். அது பொய்யில்லை. ஆனால் கோபர்கைரனேயிலிருந்து வந்து, என் வீட்டுச் சட்டியையும் கழுவி வைத்துப் போகிறவளுக்கு அந்தப் பதில் குறைவு. முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

இணைப்பு முடிந்த கையோடு எங்கள் பிரின்சிபால் பஞ்சாபகேசன் ஒரு மீட்டிங்குக்குப் போய்வந்து, "இனிமே நம்ம காலேஜ்ல ரிசர்ச் கல்ச்சர் வந்தாகணும்" என்றார்.

செம்பூரிலிருந்து வந்த கணக்கு வாத்தியார் பிரம்மநாயகம் எழுந்து, "எப்போ வரணும் சார்?" என்று கேட்டார்.

"தீபாவளிக்குள்ள."

ராத்திரி உறை ஊற்றினால் காலையில் தயிராகிவிடும் என்கிற நம்பிக்கையில் அவர் சொன்னார். பொறுப்பாளராக என்னைப் போட்டார். மதிப்பீடும் தேர்வும் என் பாடம், அதனால்.

ஏற்பாடு எளிமையானதுதான். ஒவ்வொருவரும் தன் வகுப்பறையைப் பற்றி ஒரு பேப்பர் எழுத வேண்டும். பெயரை மறைத்து அதை மாதுங்கா ஆள் ஒருவரும் செம்பூர் ஆள் ஒருவரும் பார்த்துக் குறை சொல்ல வேண்டும். தேறினால் கல்லூரி இதழில் வரும். ஆனால் யாரும் குறை சொல்லவில்லை. மாதுங்காக்காரர் ஒரு கமாவைத் திருத்தினால்கூட, செம்பூர்க் கல்லூரியையே கேவலப்படுத்திவிட்டார் என்று ஆகிவிடும். அதனால் எல்லாப் பேப்பருக்கும் 'மிக நன்று' வந்தது. பிரம்மநாயகத்தின் பேப்பரில் நடுப்பக்கங்களே இல்லை. அதற்கும் இரண்டு பேர் 'தெளிவான நடை' என்று எழுதியிருந்தார்கள்.

இரண்டு கல்லூரிக்கும் சேராத ஒரு ஆள் வேண்டியிருந்தது. அப்படி ஒருவரும் கிடைக்காததால், மூன்றாவது மதிப்பீட்டாளரை நானே உண்டாக்கினேன். வெளியாள், பெயர் சொல்லக் கூடாது என்றேன். "பூனாவா?" என்று யாரோ கேட்டார்கள். நான் சும்மா இருந்தேன். அது போதுமாக இருந்தது. அன்றிலிருந்து அவர் பூனாக்காரர்.

அவர் இங்கிலீஷில், வெடுக்கென்று எழுதுவார். முதலில் பிரம்மநாயகத்தைப் பிடித்தார். "யாரு சார் இந்த ஆளு? எங்க மாமனார்கூட என்னை இப்படிப் பேசினதில்லை" என்று பிரம்மநாயகம் என்னிடம் வந்து ஆவலாதி சொன்னார். ஆனால் நடுப்பக்கங்களை எழுதிக் கொடுத்துவிட்டார். மற்றவர்களும் பயந்தார்கள், பயத்தில் படித்தார்கள். கொஞ்ச நாளில் காபிக்காரர்கள் சந்தேகம் கேட்க டீ கெட்டில் பக்கம் போய் உட்கார ஆரம்பித்தார்கள். பஞ்சாபகேசன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கல்ச்சர் வந்துடுத்து ஓய்" என்றார். அதில் எனக்கு இன்றும் பெருமைதான்.

பிறகு நஸீராவின் பேப்பர் வந்தது. பெயர் மறைத்திருந்தாலும் கட்டிய பெண்டாட்டியின் எழுத்துநடை தெரியாமல் போகுமா?

ஒரு ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதுதான் அவள் ஆராய்ச்சி. எங்கள் ஆட்களின் வகுப்பிலும், தாராவியில் எங்கள் மாணவர்கள் பயிற்சிக்குப் போகும் பள்ளிகளிலும் பின்பெஞ்சில் உட்கார்ந்து, போனில் பதிவு செய்துகொண்டு வந்தாள். காத்திருக்கிற ஆசிரியருக்கு, வாயே திறக்காத பிள்ளைகூடப் பதில் சொல்லிவிடுகிறது. காத்திருக்காதவர் உண்மையில் கேள்வியே கேட்கவில்லை. பதிலை முன்கூட்டியே வைத்துக்கொண்டு பாவனை செய்கிறார். இப்படி முடித்திருந்தாள்.

அதற்கு அவள் காட்டிய பெரிய ஆதாரம், 'நான்காவது ஆசிரியர்'. மூத்தவர். 'கேள்வி கேட்டதும் கண்ணாடியைக் கழற்றுவார். துடைத்து மாட்டுவதற்குள் பதிலையும் அவரே சொல்லிவிடுவார்' என்று எழுதியிருந்தாள். எங்கள் கல்லூரியில் கண்ணாடியைத் துடைக்கிற ஆள் ஒருவர்தான். நான் படித்துவிட்டுச் சிரித்தேன். நன்றாக எழுதியிருந்தாள். எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

நான்காவது ஆசிரியரை நீக்கிவிட்டால் வெளியிடலாம் என்று பூனாக்காரர் எழுதினார்.

எங்கள் தாராவி வீட்டில் நாங்கள் இரண்டே பேர், உனக்குத் தெரியும். அன்றைக்குச் சாப்பாட்டில் கையை வைத்தபடியே அவள் பொரிந்து தள்ளினாள். "நாலாவது ஆளத் தூக்கணுமாம். அதுதாங்க பேப்பரே! இந்த மனுஷனுக்குக் கட்டுனவன்னு ஒருத்தி இருப்பாளா?"

"இருக்கலாம்."

"பாவம் அவ."

பாவம்தான் என்று சொல்லி அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன்.

இதையும் சொல்ல வேண்டும். வகுப்பு முடிந்தால் பஸ் ஸ்டாப் வரைக்கும் பிள்ளைகள் பின்னால் போவது உன் அக்காவுக்குத்தான். என் பின்னால் யாரும் வந்ததில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் என்னிடம் பாடத்தில் ஒரு சந்தேகம் கேட்டதில்லை. பூனாக்காரர் வந்தபிறகுதான், "இதுக்கு என்னங்க பதில் எழுத?" என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் சொல்லச் சொல்ல எழுதினாள். மறுநாள் கல்லூரியில் அந்தப் பதிலை நான் பூனாக்காரராக உட்கார்ந்து படித்துக் குறை கண்டுபிடிப்பேன். சில இடங்களில் குறை என் வாக்கியத்தில்தான் இருந்தது. அதையும் தயங்காமல் சுட்டிக்காட்டினேன். வேலையில் நான் பாரபட்சம் பார்த்ததில்லை.

அந்த வருஷம் ஏப்ரலில், குளிக்கும்போது மார்பில் ஏதோ தட்டுப்படுவதாகச் சொன்னாள். நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். தள்ளிப்போட வேண்டாம், எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். வரிசையில் நின்று தேதி வாங்கியதும் நான்தான். ஜூனில், பள்ளிக்கூடம் திறக்கிற வாரம்.

மே மாதம் பூனாக்காரரின் மூன்றாவது திருத்தம் வந்தது. நான்காவது ஆசிரியரை வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றால் ஆதாரம் போதாது. அவரைப் போன்றவர்கள் பள்ளிகளிலும் உண்டு என்று காட்ட, பள்ளி திறக்கிற முதல் வாரங்களில் புதிதாகப் பதிவு செய்துவர வேண்டும் என்றிருந்தது.

இரண்டும் ஒரே வாரம் என்பது எனக்குத் தெரியாமல் நேர்ந்தது என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் நீ நம்புவாய். ஆனால் நான் மதிப்பீடு சொல்லித்தருகிறவன். காலண்டரைப் பார்த்துத்தான் எழுதினேன். என் கணக்கு சுலபமானது. ஆபரேஷனா, அந்த ஒரு பத்தியா என்று வந்தால் எந்த மனுஷியும் பத்தியைத்தான் விடுவாள்.

அவள் பத்தியை விடவில்லை. "ஸ்கூல் தொறக்குற வாரம் போச்சுன்னா அடுத்த வருஷந்தான். ஆபரேஷனக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கலாமாங்க?" என்று கேட்டாள். உன் இஷ்டம் என்றேன். படித்த பெண் எடுக்கிற முடிவில் நான் தலையிடுவதில்லை.

மழையில் நனைந்துகொண்டு பள்ளிப் பள்ளியாகப் போய்வந்தாள். பதிவுகள் அருமையாக இருந்தன. அதனால் பூனாக்காரர் தீபாவளி லீவு முடிந்தும் ஒரு தடவை பார்க்கச் சொன்னார். ஆபரேஷன் நடந்தபோது ஜனவரி. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஏன் இவ்வளவு தாமதம் என்றார். காலேஜ் வேலை என்றேன்.

கடைசி வாரம் நீ ஊரிலிருந்து உம்மாவைக் கூட்டிவரப் போயிருந்தாய். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடியிருந்தவள், "என்னங்க, அந்தப் பூனாக்காரன் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாது" என்றேன்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். அந்தப் பழைய, பிள்ளைகளைக் கேலி பண்ணுகிற சிரிப்பு. "இந்தத் தடவ கண்ணாடியக்கூடத் தொடைக்கலையே நீங்க" என்றாள். ஆரஞ்சில் ஒரு சுளை வாங்கிக்கொண்டாள். மறுபடி கேட்கவில்லை. மருந்து மயக்கத்தில் பேசினாள் என்று எடுத்துக்கொண்டேன்.

பேப்பர் போன வாரம் அச்சாகி வந்துவிட்டது. 'மிகச் சிறப்பு' என்று பூனாக்காரர் எழுதிக் கொடுத்தார். அவர் யாருக்கும் அப்படி எழுதியதே இல்லை. இரங்கல் கூட்டத்தில் பஞ்சாபகேசன் அழுதார். பிரம்மநாயகம் அன்று ஒரு நாள் மட்டும் இரண்டு கெட்டிலையும் ஒரே மேசையில் வைத்து எல்லோருக்கும் டீ கொடுத்தார். ஆராய்ச்சி அறைக்கு அவள் பெயரை வைக்கப்போகிறார்கள். பேப்பரில் ஒரு சின்ன மாற்றம்தான் செய்தேன். நான்காவது ஆசிரியர் அதில் இல்லை. பொறுப்பாளருக்கு அந்த உரிமை உண்டு.

அவமானத்துக்காக எடுத்தேன் என்று நினைக்காதே, நூர் நிஷா. ஆதாரம் போதவில்லை, அவ்வளவுதான். அந்தப் பத்தி இல்லாமலும் பேப்பர் நன்றாகத்தான் இருக்கிறது, நீயே படித்துப் பார். முதல் தடவையே அவள் அதை எடுத்திருந்தால் ஜூனிலேயே ஆபரேஷன் முடிந்திருக்கும். பிடிவாதம், உங்கள் குடும்பத்துக்கே உள்ளது. பூனாக்காரர் சொல்வதைக் கேள் என்று வீட்டில் யாராவது அவளுக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம்.