டால்பினோடு ஒரு போட்டோ

பபேடானிலிருந்து க்யிம்யிண்டைங் போகும் பஸ்ஸில், முன்சீட்டிலிருந்த கப்பல்காரர் தன் மச்சானிடம், "தொட்டா, ஊறுன ரப்பர் செருப்பு மாதிரி இருந்துச்சு," என்றார். வெளிநாட்டில், கட்டிவைத்த குளமொன்றில், மகளோடு டால்பின் பக்கத்தில் நீந்திய கதை அது.

"கடிக்கலையா?"

"விசிலடிச்சா வரணும். வரலைன்னா மீன் கிடையாது."

"புள்ளைக்குச் சந்தோஷம்தானே?"

"இதோட அம்மா எங்கேன்னு மக பழக்குறவன்கிட்ட கேட்டா. கடல்ல இருக்கு, நீ கேமராவைப் பாத்துச் சிரின்னான். அவ சிரிக்கல."

"போட்டோ எடுக்கலையா?"

"எடுத்தான். அதுல டால்பின் மட்டும்தான் சிரிக்குது."

"அப்ப அதுக்குச் சந்தோஷம்தான்," என்றார் மச்சான்.

"இல்ல மச்சான், அதுக்கு வாயே அப்படி. வலையில செத்துக் கிடந்த ஒண்ணைப் பாத்திருக்கேன். அதுவும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு."