அம்மாவின் கட்டம்

வெர்லின்: மெதுவாத் திருப்பு நோரீன். கோர்ட்டோட நூறு வருஷத்துப் பதிவேடு, தாள் கையோட வந்துரும். அப்புறம் பியூலாக்கா இந்தப் பதிவறைப் பக்கமே நம்மள விடமாட்டாங்க.

நோரீன்: மெதுவாத்தான் திருப்பறேன். நீ மொதல்ல என் தோள் மேல மூச்சு விடறத நிறுத்து, அண்ணே.

வெர்லின்: ஆர்மிண்டா கொள்ளுப்பாட்டி செத்த வருஷம் ஒண்ணுதான் பாக்கி. கெடச்சா இன்னிக்கே அச்சுக்குக் குடுத்துருவேன். ஞாயித்துக்கிழமை குடும்பமெல்லாம் கூடறப்போ சர்ச் கொட்டகையில ஒரு சுவர் பூரா நம்ம வம்சமரம்தான்.

நோரீன்: அத அம்மாவும் பாக்கட்டுமே.

வெர்லின்: மறுபடியும் ஆரம்பிக்காத. ஜூலை வெயில், சக்கர நாற்காலி, லெக்சிங்டன்ல இருந்து ரெண்டு மணி நேரம்...

நோரீன்: முதியோர் இல்லத்துலயே வண்டி தர்றாங்க. நான் கூட உக்காந்து கூட்டிட்டு வர்றேன்.

வெர்லின்: அம்மாவே வர்றேன்னு கேட்டாங்களா?

நோரீன்: ... நான்தான் கேக்கறேன்.

வெர்லின்: அடுத்த வருஷம் பாக்கலாம்.

பியூலா: என்ன தம்பி, கெடச்சுதா?

வெர்லின்: இல்ல பியூலாக்கா. எங்க தாத்தாவப் பெத்தப்போ செத்துட்டாங்கன்னுதான் வீட்டுல சொல்வாங்க. மாவட்ட இறப்புப் பதிவுல ஆளே இல்ல. கல்லறையும் இல்ல.

பியூலா: கல்லறையும் இல்லையா... அப்போ இந்தா, இதையும் ஒரு தடவ பாத்துருங்க.

நோரீன்: என்னக்கா இது?

பியூலா: புத்தி பேதலிச்சவங்கன்னு கோர்ட்ல விசாரிச்சு எழுதினது. பாதி ஊரோட பாட்டிங்க இதுக்குள்ளதான் இருக்காங்க. நான் உள்ள இருக்கேன், வேணும்னா கூப்பிடுங்க.

வெர்லின்: நம்ம குடும்பத்துல அப்படி யாரும்...

நோரீன்: இருக்காங்க.

வெர்லின்: என்ன?

நோரீன்: ஆர்மிண்டா. "கணவர் ஹைரம் சத்தியம் செய்து சொன்னது: பிள்ளை பிறந்ததிலிருந்து அழுகிறாள். சமைப்பதில்லை. பிள்ளையைக் கையில் எடுப்பதில்லை." அவ்ளோதான் அண்ணே, அவங்க செஞ்ச குத்தம். பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்க.

வெர்லின்: ... அங்க போன சூட்டோட செத்திருப்பாங்க.

நோரீன்: ஓரத்துல பாரு. "இன்னும் இருக்கிறாள்." அடுத்த வருஷம், "இன்னும் இருக்கிறாள்." இப்படியே 1938 வரைக்கும். தாத்தா கல்யாணத்தப்போகூட உயிரோட இருந்திருக்காங்க!

வெர்லின்: 1920 மக்கள்தொகைக் கணக்குல ஹைரம் "மனைவி இறந்தவர்"னு இருக்கே. நானே பாத்தேன்.

நோரீன்: ஆமா. கணக்கெடுக்க வந்தவன்கிட்ட வாசல்ல நின்னு சொல்லியிருக்கார் மனுஷன். ஆஸ்பத்திரியில அவங்க "அம்மா"ன்னு கூப்பிட ஆளில்லாம கெடந்திருக்காங்க.

வெர்லின்: அந்தக் காலம் அப்படி. சர்ச்ல நாலு பேர் கேப்பாங்க. ஒரு தடவ வாயில வந்துருச்சுன்னா... அப்புறம் அத திரும்ப எடுக்க முடியாது.

நோரீன்: ஹைரமுக்காக ரொம்ப வாதாடறியே.

வெர்லின்: வாதாடல. வெக்கமாத்தான் இருக்கு.

பியூலா: சாப்பாட்டுக்குப் பூட்டப் போறேன், கொஞ்ச நேரத்துல எழுந்திருங்க. அப்புறம் தம்பி... வந்ததுமே சொல்லணும்னு இருந்தேன். கணினியில உங்க வம்சமரத்தப் பாத்தேன். உங்கம்மா ஐமோஜீன் போயிட்டாங்களாமே. அவங்க சுடற ஜாம் கேக் மாதிரி இனிமே யாரு சுடுவா?

வெர்லின்: ... நன்றிக்கா.

பியூலா: நீயும் மனசத் தேத்திக்கம்மா நோரீன்.

வெர்லின்: அக்கா உள்ள போயிட்டாங்களா?

நோரீன்: போயிட்டாங்க. அதென்ன "நன்றிக்கா"?

வெர்லின்: கத்தாத.

நோரீன்: நான் கத்தவே இல்ல.

வெர்லின்: அந்த வலைத்தளத்துல உயிரோட இருக்கறவங்க பேரு, படம் எதுவும் வெளியாளுக்குத் தெரியாது. வெறும் சாம்பல் கட்டம்தான் வரும். அம்மாவோட ஈஸ்டர் தொப்பி படம் இருக்குல்ல... அது எல்லாரும் பாக்கட்டுமேன்னு, இறந்த வருஷம்ங்கற எடத்துல சும்மா ஒண்ணத் தட்டினேன். படம் பளிச்சுனு வந்துச்சு. அப்புறம் மாத்திக்கலாம்னு...

நோரீன்: மாத்தல.

வெர்லின்: மாத்தறதுக்குள்ள இண்டியானாவுல இருந்து நம்ம சொந்தக்காரி தெல்மா அனுதாப அட்டை அனுப்பிட்டா. அப்புறம் ராய்ஸ் சித்தப்பா. அப்புறம் வரிசையா...

நோரீன்: போனப் போட்டு "தெரியாமத் தட்டிட்டேன்"னு சொன்னா முடிஞ்சுது.

வெர்லின்: போட்டேன். சித்தப்பா எடுத்ததுமே "அடக்கத்துக்கு ஏண்டா கூப்பிடல"ன்னு அழுதாரு. வீட்டோட முடிச்சுட்டோம்னு... வாயில வந்துருச்சு.

நோரீன்: கடவுளே!

வெர்லின்: அட்டைக்கெல்லாம் நன்றி எழுதிப் போட்டேன்.

நோரீன்: அதுக்குத்தான் வெயிலு, நாற்காலி, அடுத்த வருஷமா?

வெர்லின்: அம்மாவ அங்க இறக்கினா எல்லாரும் என் மூஞ்சியத்தானே பாப்பாங்க. அம்மா சாகணும்னு நான் ஒரு நாளும் நெனச்சதில்ல நோரீன். கூச்சம்... வெறும் கூச்சம்.

நோரீன்: ஹைரமுக்கும் அதானோ என்னமோ.

வெர்லின்: கைக்குட்டை இருந்தா குடு.

நோரீன்: அழாதண்ணே. பியூலாக்கா வந்தா அம்மாவுக்காக அழறன்னு நெனச்சுக்கும்.

வெர்லின்: கூட்டிட்டு வா.

நோரீன்: நெசமாவா?

வெர்லின்: இப்பவே பியூலாக்காகிட்ட சொல்றேன். அப்புறம் ஒவ்வொருத்தருக்கா போன் போடறேன். காறித் துப்பினா துப்பட்டும். ஆனா ஒண்ணு. அம்மாவுக்கு மட்டும் இது தெரியவே கூடாது. சத்தியம் பண்ணு. ஏன் அந்தப் பக்கம் பாக்கற?

நோரீன்: தெல்மா இல்லத்துக்கும் ஒரு அட்டை போட்டிருக்கா. "ஐமோஜீன் குடும்பத்தாருக்கு"ன்னு. உறையில பேரு இருந்ததால இல்லத்துக்காரங்க அம்மா கையிலயே குடுத்துட்டாங்க. அம்மாதான் பிரிச்சாங்க. உன் வம்சமரத்துல பாத்ததா உள்ள எழுதியிருந்துச்சு.

வெர்லின்: என்ன... என்ன சொன்னாங்க?

நோரீன்: "வெர்லின் கூச்ச சுபாவம், நாலு பேர் முன்னாடி அவன் தலை குனியக் கூடாது, நான் வரல"ன்னாங்க. பேனாவ எடுடின்னாங்க... அவங்க சொல்லச் சொல்ல, அவங்க சாவுக்கு விசாரிச்சதுக்கு நன்றின்னு தெல்மாவுக்கு எழுதி, தபால் பெட்டியில போட்டுட்டு வந்தவ நான்தான், அண்ணே.