ஷொத் மெருவான் உப்புச் சேற்றில் தாஹர் இறந்தது குறித்து

என் பெயர் வசீலா பென்ஹஜர், வயது 38, தகப்பனார் பெயர் மெஸூத். துக்குர்த் நகரில் பழைய ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள குடியிருப்பில் தனியாக வசித்து வருகிறேன். பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் விரிவுரையாளர். சென்ற ஜனவரி 23ஆம் தேதி இதே காவல் நிலையத்தில் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். அதில் பொய் சொன்னேன். இன்று, 2018 பிப்ரவரி 11ஆம் தேதி, யாரும் அழைக்காமல் நானாகவே வந்து இதைச் சொல்கிறேன்.

சென்ற வசந்தத்தில் ஷொத் மெருவான் உப்புப் பரப்பின் சிவப்பு நீரிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தேன். அதன் மரபணு, இதுவரை பெயர் வைக்கப்பட்ட எதனோடும் நெருங்கவில்லை. புதிய இனம் என்று ஏற்கப்பட வேண்டுமானால் ஆய்வுக்கூடத்தில் வளர்த்தெடுத்த உயிருள்ள வளர்ப்பை இரண்டு நாடுகளின் சேமிப்பகங்களில் ஒப்படைக்க வேண்டும். டிசம்பரில் அதை உறைய வைக்கத் தயார் செய்தபோது உப்புநீருக்குப் பதிலாக வெறும் நீரை ஊற்றிவிட்டேன். வெறும் நீர் பட்டால் அவை வெடித்துவிடும். பதினோரு குழாய்களில் இருந்தவை எல்லாம் செத்தன. வேறு வளர்ப்பு கைவசம் இல்லை. துறைத் தலைவர் கேட்டபோது பத்திரமாக இருக்கிறது என்று சொன்னேன்.

அதன் பிறகு, இன்னொரு நாட்டுக் குழுவும் இதே பாக்டீரியாவைக் கண்டிருப்பதாகக் கேள்விப்பட்டு, மாதிரி எடுக்க மறுபடி போக வேண்டும் என்று எங்கள் ஆய்வுக்கூட உதவியாளர் தாஹர் கெம்மூதியிடம் சொன்னேன். அவருக்கு வயது 46. ஒன்பது ஆண்டுகள் என்னோடு வேலை செய்தவர். எதற்காக மறுபடி என்று அவர் கேட்கவில்லை. "எங்க வீட்டுல ஷோர்பாவுல உப்பு கொறஞ்சாலும் பேசாம குடிக்கிறேன், உங்க பூச்சிக்கு மட்டும் இத்தனை உப்பு கேக்குது டாக்டரம்மா" என்று சிரித்தார்.

ஜனவரி 22ஆம் தேதி பகல் இரண்டரை மணியளவில் நாங்கள் இருவரும் உப்புப் பரப்பின் மேற்குக் கரையை அடைந்தோம். இரண்டு நாள் முன்பு மழை பெய்திருந்தது. எங்கள் வழிகாட்டி லக்தர் ஸுவைத் அங்கே உப்பு வெட்டுபவர். அவர் குச்சியால் பரப்பைக் குத்திப் பார்த்துவிட்டு, "வேண்டாம்மா. மேல வெள்ளையா காஞ்ச மாதிரி தெரியுது, அடியில கஞ்சி. பத்து நாள் போகட்டும்" என்றார். நான் வற்புறுத்தினேன். மறுபடி வேண்டாம் என்றார். மூன்றாவது முறை தாஹரைப் பார்த்து, "தம்பி, வேண்டாம். நான் போய் பலகை எடுத்துட்டு வர்றேன், அதுவரைக்கும் காலை வெக்காதே" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் போனார்.

நாங்கள் இருபது நிமிடம் காத்திருந்தோம். "லக்தர் வந்துடட்டுமே" என்றார் தாஹர். "வெளிச்சம் போயிடும் அண்ணே. அவர் எப்பவும் இப்படித்தான் பயமுறுத்துவார். நீங்க போகாத இடமா?" என்று நான் சொன்னேன். அவர் காலணியைக் கழற்றி நாங்கள் வந்த வண்டியருகில் ஜோடியாக வைத்துவிட்டு நடந்தார். சிவப்பு நீர்வரை போய்ப் புட்டியை நிரப்பிவிட்டார். திரும்பும்போது, கரைக்குப் பதினைந்து அடி இருக்கையில் மேல் உப்பு உடைந்து இடுப்புவரை இறங்கிவிட்டார். "டாக்டரம்மா, இதைப் பிடிங்க" என்று புட்டியை என் பக்கம் எறிந்தார். நான் அதை எடுத்து மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தேன். அதன் பிறகுதான் லக்தருக்குத் தொலைபேசியில் பேசினேன்.

லக்தர் பலகைகளோடு வந்தபோது சேறு தாஹரின் மார்புவரை இருந்தது. லக்தர் பலகைமேல் படுத்து ஊர்ந்து போய்க் கயிற்றைக் கட்டினார். வெளியே இழுக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. லக்தரின் கைகள் உப்பில் கிழிந்து ரத்தம் வந்தது. தாஹர் நடுங்கிக்கொண்டிருந்தார், பிறகு நடுக்கம் நின்றது. மருத்துவமனை வாசலுக்குப் போகும் முன்பே குளிரில் உயிர் போய்விட்டதாக மருத்துவர் சொன்னார்.

மறுநாள் இங்கே, லக்தர் சரி என்று சொன்னதால்தான் போனோம் என்று வாக்குமூலம் கொடுத்தேன். மாதிரி எடுக்க வாங்கிய அனுமதிப் படிவத்தில் வழிகாட்டி என்று அவர் பெயர் இருந்ததால் அன்றே அவரைக் கைது செய்தார்கள். நான் ஆய்வுக்கூடத்துக்குப் போய் அந்த நீரை வளர்ப்புத் தட்டுகளில் பரப்பினேன்.

பதினேழாம் நாள் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. அதே பாக்டீரியாதான். துறைத் தலைவர் மகிழ்ந்து, புதிய இனத்துக்குத் தாஹரின் பெயரையே வைக்கலாம் என்றார். நேற்று தாஹரின் மனைவி நுவாரா பேரீச்சம்பழ ரொட்டி கொண்டுவந்தார். "அவர் பேரு உலகமெல்லாம் புத்தகத்துல இருக்கும்னு சொன்னாங்க. அந்த லக்தரை மட்டும் அல்லா கேக்கட்டும். நீங்க நல்லா இருக்கணும் தங்கச்சி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் ரொட்டியை வாங்கிக்கொண்டேன். அவர் படியிறங்கிப் போகும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

இன்று காலை இங்கே வருவதற்கு முன் நுவாராவின் வீட்டுக்குப் போய், இங்கே சொன்னதையெல்லாம் அவரிடம் முதலில் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "நீங்க சொல்லலைன்னா அவர் இறங்கியிருக்கமாட்டாரா?" இறங்கியிருக்கமாட்டார் என்று சொன்னேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். ஓரிடத்தில் "லக்தர் தயங்கினார்" என்று இருந்தது. அதை அடித்துவிட்டு "லக்தர் மூன்று முறை வேண்டாம் என்றார்" என்று எழுதச் சொன்னேன். திருத்திய பிறகு இதில் உள்ளது எல்லாம் உண்மை என்று என் கையால் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) வசீலா பென்ஹஜர்