ஆட்டுக்குட்டி நக்கிய கை

எண்பதுகளில், கூக்கால் என்ற மலைக் கிராமத்துக்குப் போகும் ஒரே பஸ்ஸில், எனக்கு முன் சீட்டிலிருந்து இப்படி ஒரு குரல் வந்தது:

"துடைக்காதீங்க டீச்சர். குட்டி ஆசையா நக்கிட்டுப் போகட்டும்."

சொன்னவர் மடியில் ஆட்டுக்குட்டி வைத்திருந்த விவசாயப் பெண். பக்கத்தில், கூக்கால் பள்ளிக்கு மாற்றலாகி வரும் டீச்சர். டீச்சர் மடியிலிருந்த பெண் குழந்தையின் கையைத்தான் குட்டி நக்கியிருந்தது. டீச்சர் கர்ச்சீப்பை எடுத்துவிட்டார்.

"மூத்தவனுக்கு இளைப்புங்க. மூச்சு விடவே திணறுவான். இவளுக்கும் வந்துருமோன்னு பயம்."

"மூத்தவன எப்படி வளத்தீங்க?"

"தரையிலயே விட்டதில்ல. பொம்மையக்கூட வெந்நீர்ல கழுவித்தான் குடுப்பேன்."

"எனக்கு நாலு பிள்ளைக. நாலும் மாட்டுக் கொட்டத்துல தவழ்ந்ததுக. ஒண்ணுக்கும் இளைப்பு இல்ல."

"மாடு இருந்தா இளைப்பு வராதா?"

"அது எனக்குத் தெரியாது டீச்சர். கண்டதச் சொல்றேன்."

அப்போது குழந்தை தும்மியது. டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது. அடுத்த நொடி கண்டக்டரும் தும்மினார்.

"பயப்படாதீங்கம்மா. மேல கெடக்கிற பூண்டு மூட்டை நெடி," என்றார் அவர்.

டீச்சர் சிரித்துவிட்டார். கர்ச்சீப்பை மடித்துப் பைக்குள் வைத்தார். குழந்தை மறுபடி குட்டியின் காதைப் பிடித்தது; அவர் தடுக்கவில்லை.

"உங்க கொட்டம் ஸ்கூலுக்குப் பக்கமாங்க? இவளத் தூக்கிட்டு வரலாமா?"

"தாராளமா. மூத்தவன மட்டும் டாக்டரக் கேட்டுட்டுக் கூட்டியாங்க. நாளைக்குக் காலைல வெள்ளனே வந்துருங்க டீச்சர், சாணி அள்ள எனக்கும் ஆள் இல்ல."