நாலு மணிச் சங்கு

— மொதல்ல அந்த ரேடியோவ அணைங்க. தெருவுக்கே கேக்குது. இந்தாங்க, இந்தக் கையிலயும் பல்லப் பதிச்சுட்டான். இனி மஞ்சப்பொடி வைக்க இடமில்ல.

— ஏட்டி பரிபூரணம், என்னப் பாத்துச் சொல்லேன். அடுப்பப் பாத்துப் பேசுனா எப்படி?

— சிப்பாய் திரும்பவும் கடிச்சுட்டான்னேன்.

— அதான் இன்னைக்கோட தொல்லை விட்டுதே. மில்லுல நாலு மணிச் சங்கு ஊதுனதும் தோப்புக்காரன் கருத்தையா வாரேன்னிருக்கான். தேவதானத்துத் தோப்புல கட்டிப் போட்டுருவான்.

— மூணு மாச நாய்க்குட்டியச் சங்கிலியிலயா?

— பொறவு என்ன செய்யச் சொல்லுத? மல்லியும் அதே வயித்துல பொறந்ததுதான். ஒரு அதட்டுல அடங்குதா இல்லையா? இவனுக்குத் திமிரு.

— மல்லி கடிச்சா நான் 'ஆ'ங்கேன், ஒடனே விட்டுட்டு நக்கிக் குடுக்கா. இவன் கிட்ட எம்புட்டுக் கத்துனாலும் இறுக்கித்தான் பிடிக்கான். ஆனா மூஞ்சியச் சுளிச்சாப் போதும், விட்டுருதான். அதான் எனக்கு வெளங்கல.

— இதுல வெளங்க என்ன இருக்கு?

— நீங்கதான் தேடிப் பிடிச்சீங்க. மூக்கு ரோசு, வெள்ளை ஒடம்புல ஒரு புள்ளி இல்லன்னு.

— அசல் சாதி நாய்னா அப்படித்தாண்டி இருக்கும். மல்லிக்குக் காதுல கறுப்பு இருக்கப் போய்த்தான் வித்தவன் அத சும்மா குடுத்தான்.

— சும்மா வந்தது சொன்ன பேச்சு கேக்குது.

— நேத்து கம்பால ரெண்டு போட்டேன், அதுக்கும் சொரணையில்ல.

— சொரணையில்லாமலா அழுதான்? அழுதுட்டு உங்க காலடியிலதான் வந்து படுத்தான். எனக்கு மனசே ஆறல.

— நானும் ஓஞ்சு போயிட்டேன்ட்டி. இருவத்திரெண்டு வருசமா அந்த நூல் மிசினு இரைச்சல்ல நிக்கேன். வீட்டுலயும் வந்து நாய்கிட்டக் கத்திக்கிட்டு இருக்க என்னால ஏலாது.

— செத்த இருங்க. மல்லியப் பாருங்க, எந்திரிச்சு ஊளையிட ஆரம்பிச்சுட்டா.

— அவ தெனமும் இந்நேரம் கழுத்தத் தூக்குறதுதான.

— இந்தா படுத்துருக்கான் சிப்பாய். அவனையும் பாருங்க.

— தூங்குதான். அதுக்கென்ன?

— தெனமும் தூங்கத்தான் செய்யுதான். எனக்கு இப்பத்தான் ஒறைக்குது. அவனுக்குக் காது கேக்கலங்க. நாம அதட்டுனது, கத்துனது ஒண்ணுமே கேக்கல. எதுக்கு அடி விழுதுன்னு கூடத் தெரியாம வாங்கியிருக்கான்.

— சும்மா எதையாவது சொல்லாத.

— நான் ஏன் சும்மா சொல்லுதேன்? மில்லுச் சங்கு இந்தா ஊதிக்கிட்டே இருக்கு. அவனுக்குக் காது மடலு கூட அசையல பாருங்க.

— சங்கு ஊதுதா?