செகினேவுக்குச் செய்த தண்ணீர்த்தொட்டி

மலையில் வெட்டியெடுத்த தீட்டுக்கல்லைத் தண்ணீரில் ஊறப்போடக் கூடாது, இன்ஸ்பெக்டர் ஐயா. தீட்டும்போது நாலு சொட்டுத் தெளித்தால் போதும். ஆலையில் செய்த கல்லைத்தான் ஊறப்போடுவார்கள். எங்கள் அய்சு ஊர்ப் பக்கம் உளி பிடிக்கிற எவனுக்கும் இது தெரியும். செகினேவுக்குத் தெரியாது. செத்தவனைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். குறையை விட்டால் அவனைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

எங்கள் தச்சுப் பட்டறை மேஸ்திரி ஹிராயாமா கண்ணை மூடுவதற்கு முன் தன்னுடைய மஞ்சள் கல்லை அவனிடம் கொடுத்தார். கியோத்தோ மலைக்கல். அது வந்த சுரங்கத்தை மூடி எத்தனையோ காலமாகிவிட்டது. பட்டறையில் மூத்தவன் நான். எனக்கு வருத்தமெல்லாம் இல்லை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நினைத்துக்கொண்டேன். மேஸ்திரியைச் சொல்கிறேன்.

செகினே அந்தக் கல்லை மற்றக் கற்களோடு பிளாஸ்டிக் வாளியில் முக்கிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனான். பனி கொட்டியது. வாளித் தண்ணீர் உறைந்து, காலையில் பார்த்தால் கல் ஏடு ஏடாகப் பிரிந்து கிடக்கிறது. அதைப் பார்த்து அவன் சிரித்தான்.

"அடடா, போச்சே மொகாமிண்ணே! சரி விடுங்க, கடையில வேற வாங்கிக்கலாம். தண்ணி உறையாத மாதிரி ஒரு தொட்டி செஞ்சு குடுங்களேன். மீன் தொட்டிக்குள்ள சூட்டுக்கு ஹீட்டர் போடுவாங்கல்ல, அத உள்ள வெச்சு. உங்க கை சுத்தம் எனக்கு வராதுண்ணே."

"செஞ்சு தர்றேன்டா," என்றேன்.

கடையில் வேறு வாங்குவானாம். பெற்ற தாய் செத்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பான்.

சைப்ரஸ் பலகை எடுத்தேன். மூட்டில் ஓர் ஆணி கிடையாது. பலகை தண்ணீரில் பருக்கும் என்று பார்த்து இடுக்கு விட்டேன். மேலே குறுக்குச் சட்டம், கல் அசையாமல் பிடிக்க ஆப்பு, அடியில் ஹீட்டரும் அதன் வயரும். செகினே தடவிப் பார்த்துவிட்டு, "கோயில்ல வைக்கலாம்ணே இத!" என்றான். அவன் வாயிலிருந்து வந்த ஒரே உருப்படியான பேச்சு.

மறுநாள் காலை கையில் உளியோடு தொட்டித் தண்ணீரை அள்ளப் போனான். கரண்ட் அடித்து விழுந்தான். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். குடித்து முடித்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். ஆறின டீ எனக்கு ஆகாது.

நீங்கள் மரியாதையான மனிதர். "பெரியவரே, வேணும்னேவா செஞ்சீங்க? ஏதோ கவனக்குறைவு. விபத்துன்னு முடிச்சுடறேன், வீட்டுக்குப் போங்க" என்கிறீர்கள். அவன் மனைவிகூட வெளியே என் கையைப் பிடித்துக்கொண்டு, "கை தவறிப் போச்சு, விடுங்கண்ணே, மனசுல வெச்சுக்காதீங்க" என்று அழுதாள். அதுவரை வீட்டுக்குப் போகத்தான் கிளம்பினேன். அதைக் கேட்டுவிட்டுத்தான் உங்களிடம் திரும்பி வந்தேன்.

கை தவறியதாம். ஊரெல்லாம் இனி அதைத்தான் பேசும். மொகாமி செய்த தொட்டியில் கோளாறு, பாவம், கிழவனுக்குக் கண் மங்கிவிட்டது என்று, இழைப்புளியை நேராகப் பிடிக்கத் தெரியாதவனெல்லாம் எனக்காக உச்சுக்கொட்டுவான்.

உட்காருங்கள் ஐயா. ஹீட்டர் வயரின் உறையை உரித்தது நான். எந்த இடத்தில் உரிக்க வேண்டுமோ, அந்த இடத்தில். என் வேலையில் கோளாறு இருந்ததே கிடையாது.