இன்னைக்கு எந்தத் தெரு?

— இன்னைக்கு மட்டும் நம்ம தெருவ விட்டுடும்மா. ஒரே ஒரு நாள்.

— ஆறாவது தடவை போன் பண்றீங்க! நான் என்ன வீட்லயா உக்காந்திருக்கேன்? கரண்ட் ஆபீஸ் கட்டுப்பாட்டு அறைங்க இது. எதிர்ல இருக்கற திரை பூரா சிவப்பு.

— பொண்ணுக்கு ஆறரைக்கு இன்டர்வியூ. மேல்படிப்புக்கு. அந்த லேப்டாப் சொருகி வச்சாத்தான் உசிரோட இருக்கும். பெத்தவ நீ, மறந்துட்டியா?

— அவ போட்டுக்கற சட்டைய இஸ்திரி போட்டு மாட்டினதே நான்தான்.

— அப்புறம் எதுக்கு டாண்ணு ஆறரைக்கு நம்ம தெருவையே அணைக்கற?

— நானா அணைக்கறேன்? சூரியன் அணையுது!

— பகல்ல மட்டும்...

— பகல்ல தலைகீழ். பன்னெண்டு மணிக்கு சோலார்காரங்க கொட்டோ கொட்டுன்னு கொட்டறாங்க. வாங்கிக்க இடமில்ல. “குறைங்கய்யா, குறைங்கய்யா”ன்னு நானே கெஞ்சறேன். சாயங்காலம் அதே ஆளக் கூப்பிட்டு “இருக்கா”ன்னா சிரிக்கறார்.

— மிஞ்சினத எடுத்து வைக்கறதுக்கென்ன?

— எதுல? குடத்துலயா?

— பேட்டரின்னு ஒண்ணு கேள்விப்பட்டதே இல்லையா உங்க ஆபீஸ்ல?

— மூணு வருஷமா வருது, வருதுங்கறாங்க. கொட்டகை கட்டியாச்சு, பேர்ப் பலகை மாட்டியாச்சு... உள்ள ஒரு பூனை குட்டி போட்டிருக்கு.

— மலை மேல காத்தாடியா நட்டு வச்சீங்களே, அது?

— காத்து வரணும்ல! நாலு நாளா இலை அசையல. இலை அசையலைன்னா புழுக்கம். புழுக்கம்னா எல்லாரும் ஏசி. நம்ம தெருவுல அஞ்சு வருஷம் முன்னாடி எத்தன ஏசி?

— ரெண்டு.

— இப்ப?

— ...நம்ம வீட்லயே ரெண்டு.

— அதான். ஊரே வளந்துடுச்சு, லைன் மட்டும் அப்படியே... இருங்க, என்ன பின்னாடி அவ்ளோ சத்தம்?

— அது... பக்கத்து வீட்டுக்காரர். சும்மா வந்தார்.

— ஒருத்தரா? பஸ் ஸ்டாண்டு மாதிரி கேக்குது.

— பேச்ச மாத்தாத. நேத்து லைன்மேனப் பாத்தேன். பட்டியல்படி நம்ம தெருவுக்கு வாரத்துல ஒரு நாள்தானாம். அப்புறம் எப்படி உன் ஷிஃப்ட் வந்தாலே நம்ம தெரு?

— நான்தான் எழுதறேன்.

— என்னது?

— இந்த சீட்ல உக்காந்த முதல் வாரம்... மருந்துக் கடைக்காரம்மா மூஞ்சிக்கு நேரா கேட்டாங்க. “உங்க வீட்ல மட்டும் விளக்கு அணையவே அணையாதாமே”ன்னு. அப்படியே கூனிக் குறுகிப் போயிட்டேன். அன்னைலேருந்து யார் முறையா இருந்தாலும் அடிச்சிட்டு, நம்ம தெருவ எழுதிடுவேன்.

— அடிப்பாவி! இருட்டுல நான் எத்தன கதவுல முட்டிக்கிட்டிருக்கேன்...

— யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாதுன்னுதான்...

— நீ நல்ல பேர் வாங்க நாங்க வேர்வையில குளிக்கணும். சரி, குளிச்சோம். பொண்ணு படிப்புமா போகணும்? நடுவுல திரை அணைஞ்சா அடுத்த ஆளக் கூப்பிட்டுடுவாங்க. அப்புறம் அடுத்த வருஷம்தான்.

— எனக்கு மட்டும் அக்கறை இல்லையா? காலைலேருந்து ஒரு வாய் சோறு இறங்கலங்க... இருங்க, மேலதிகாரி கத்தறார்.

— என்னவாம்?

— நம்ம ஊர்ப் பங்குக்கு ஒரு தெரு உடனே போகணுமாம். இப்பவே.

— நம்ம தெரு வேணாம்! காதுல விழுதா? உன் கால்ல வேணா விழறேன்.

— விழ வேணாம். இன்னைக்கு எதையும் அடிக்கல. பட்டியல்ல இருக்கறபடியே செய்யறேன், யார் முறையோ அவங்க. எம் பொண்ணுக்காக ஒரு நாள் ஒழுங்கா இருந்துட்டுப் போறேனே...

— நிஜமாவா?

— அணைச்சாச்சு. நம்ம வீட்ல எரியுதா?

— எரியுது! டேய் மாப்ள, எரியுதுடா! போகாதாம்டா!

— யார டேய்ங்கறீங்க?

— அது... ஒண்ணுமில்ல. இன்னைக்கு யார் முறை? பாவம், சும்மா கேட்டேன்.

— ரயிலடித் தெரு.

— ரயிலடித் தெருவா?

— ஆமா, உங்க தங்கச்சி தெருதான். அவளப் பிடிக்காம பண்ணேன்னு கிளப்பிடாதீங்க, பட்டியல் அப்படி.

— இப்பவே... இப்பவே திரும்பப் போட்டுடு!

— விளையாடறீங்களா? அணைச்சா அரை மணி நேரத்துக்கு நானே நெனச்சாலும் போட முடியாது. அத விடுங்க. முதல்ல போன அவகிட்டக் குடுங்க. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை தைரியம் சொல்லணும்.

— ...அவ இங்க இல்லம்மா. இங்க இருக்கறது தெருவே, ஃபைனல் மேட்ச் பாக்க... நான்தான் வாய விட்டுட்டேன், எங்க வீட்ல இன்னைக்குக் கரண்ட் போகாதுன்னு. அவ உன்ன நம்பாம மத்தியானமே லேப்டாப்பத் தூக்கிட்டு அவ அத்தை வீட்டுக்குப் போயிட்டா.